சரிவில் நிறுத்திய கார்

விடியுமுன் கதவைத் திறந்தால்
முதலில் பனி முகத்தில் அறையும்,
அடுத்து யார் வீட்டிலோ ஈர விறகு,
அதற்கும் பிறகுதான் அது:
உள்நாக்கில் ஒட்டிக்கொள்ளும்
பெற்றோல்.

"ஃபெக்டரியிலேருந்து மூக்குலயே கொண்டு வந்திருப்ப,"
போர்வைக்குள்ளிருந்து சொன்னான் சற்குணராஜ்.
பதினோரு வருடம்
இலை புளிக்கும் அறையில் நின்றவள் நான்.
பச்சை வாடை எந்த நிமிடத்தில்
ஆப்பிள் வாடையாகும் என்று
கடிகாரம் பாராமல் சொல்வேன்.
என்னிடம் சொல்கிறான்.

கள்ளன் குழாய் விட்டு உறிஞ்சியிருப்பான் என்றது லயம்.
முள்ளைப் பார்த்தேன். குறையவில்லை.
பிஸ்கட் பெட்டி மட்டையை வண்டிக்கடியில் விரித்து
இரவு முழுக்க விட்டேன்.
காலையில் மட்டையில் ஒரு அட்டை,
இரத்தம் தேடி நெளிந்துகொண்டு.
வேறு ஒரு சொட்டும் இல்லை.

அந்தோனிமுத்து பீடியோடு
பொனெட்டில் சாய்ந்துதான் ஊர்க்கதை பேசுவார்.
அன்று நான் போட்ட சத்தத்தில்
மேட்டு லயத்து நாய்கள்கூட எழுந்தன.

அட்டனில் திலகசிரி பாஸ்
சமமான சீமெந்துத் தரையில் மாருதியை நிறுத்தி
டோர்ச் அடித்து, காபரேட்டரை முகர்ந்து,
பைப் பைப்பாய்த் துடைத்து
வெள்ளைத் துணியை எனக்கு விரித்துக் காட்டினார்.
"நோனா, வண்டி நல்லம்."
அங்கே உண்மையிலேயே வாடை இல்லை.
டொக்டர் வாசலில் காய்ச்சல் விட்டுப்போகும்
பிள்ளை மாதிரி.

பிறகு கலண்டரில் வட்டம் போட்டேன்,
வாடை அடித்த நாளுக்கெல்லாம்.
வியாழன். வெள்ளி. சனி கொஞ்சம்.
ஞாயிறு இல்லை.
அடுத்த வியாழன் மறுபடி.
வியாழன், அவன் தலவாக்கலைக்கு ஹயர் போய்
டேங்கை வாய்வரை நிரப்பி வரும் நாள்.

வரிசைக் காலத்துக்குப் பிறகு
முள் பாதிக்குக் கீழே இறங்க அவன் விட்டதில்லை.
மூன்று இரவு ஷெட்டுக்கு முன்னால்
காருக்குள் காலை மடக்கிப் படுத்தவன்.
நான்காம் நாள்
அவனுக்கு முன்னால் நாலு வண்டி இருக்க
பம்பை மூடினார்கள்.
அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.
நிரப்புவான், அவ்வளவுதான்.

எங்கள் வாசலிலோ கார்
மூக்கை மலைக்குத் தூக்கித்தான் நிற்கும்,
பின்சக்கரத்துக்கு ஒரு கல்.
நிரம்பிய டேங்க் அப்படிச் சாய்ந்தால்
பெற்றோல் எங்கே போய் முட்டும்?
குழம்புச் சட்டியைச் சரித்துப் பிடித்தவளுக்கு
இதைச் சொல்ல பாஸ் எதற்கு.

வெள்ளி காலை
உரச் சாக்கை விரித்து மல்லாந்து நுழைந்தேன்.
நிரப்பும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் பைப்,
அதன் முழங்கையில்
பிள்ளையின் பவுடரைத் தட்டினேன்.
காத்திருந்தேன். முதுகில் குளிர் ஏறியது.
வெள்ளைக்குள் மயிரளவு ஈரம் ஒன்று
கிளிப்புக்குக் கீழே எழுந்தது,
எழுந்த கையோடு காய்ந்தும் போனது.
மட்டைவரை அது எப்படி வந்து சேரும்?

பைப்பும் இரண்டு கிளிப்பும் கூலியும்
நாலாயிரத்து இருநூறு.
டேங்கை இறக்கிய பாஸ்
பழைய பைப்பை மடித்துக் காட்டினார்.
என் குதிகால் போலவே வெடித்திருந்தது.
"சரிவில வச்சுப் பாத்திருக்கணும்,"
பாதி எனக்கு, பாதி தனக்கு.

அன்றிரவு வாசலில் நின்று முகர்ந்தேன்.
பனி. விறகு.
நிம்மதியாய் வந்து படுத்தேன்.
இருந்தது.
மெல்ல, பழைய வார்னிஷ் போல,
உள்ளே.

கட்டிலுக்கடியில் கையை விட்டேன்.
சூட்கேசுக்குப் பின்னால்
ஐந்து லீட்டர் கேன்,
பொலித்தீன் சுற்றி, மூடிமேல் டேப் ஒட்டி,
பிள்ளையின் தலைக்கு நேர் கீழே
மூன்று வருடம்.

"இருக்கட்டும். ஒருக்கா வந்தது திரும்ப வராதா?"
விழித்துத்தான் இருந்தான்.

கேனை அணைத்துத் தூக்கிக்கொண்டு
விறகுக் கொட்டிலும் எட்டாத மேட்டில் போய் வைத்தேன்.
பின்னாலேயே வந்தான், செருப்புமில்லாமல்.
இறங்கப் பாதை தெரியவில்லை என்று
சட்டைப்பையில் லைட்டரைத் தேடினான்.
"வேணாம்" என்றேன்.

இருட்டிலேயே இறங்கினோம்,
காரின் ஈர முதுகைத் தடவித் தடவி.